மிச்சம் என்ன இருக்கு?

எங்கள் வீட்டில் சாப்பாடு வீணாக ஆரம்பித்தது ஃப்ரிட்ஜ் வாங்கிய பிறகுதான்.

சும்மா சொல்லவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஃப்ரிட்ஜைத் துடைக்கலாம் என்று உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். மொத்தம் 11 டப்பா. புதன்கிழமை சாம்பார், வெள்ளிக்கிழமை சாம்பார், எந்தக் கிழமை என்றே தெரியாத இன்னொரு சாம்பார். தேங்காய்ச் சட்னி இரண்டு, இரண்டும் மேலே மஞ்சள் பூத்து. சுருங்கிப்போன பாதி எலுமிச்சம்பழம். செய்தித்தாளில் சுற்றி வைத்த மல்லித்தழை, பிரித்தால் பச்சைக் கூழ். ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, அது என்னவாக இருந்தது என்று தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் மூடினேன். "எல்லாம் சேர்த்து ஒரு 300 ரூபாய் இருக்குமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் பேச்சுக்குக் கேட்டதுதான். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 340 வந்தது, கேஸ் செலவைச் சேர்க்காமல்.

சமையலில் நான் ஒன்றும் ஊதாரி இல்லை. மார்க்கெட்டில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள், கறிவேப்பிலையைக் கேட்டு வாங்குகிறவள். பின்னே எப்படி 11 டப்பா? யோசித்துப் பார்த்தால், அதில் ஒன்றைக்கூட நான் வீணாக்க வேண்டும் என்று எடுத்து வைக்கவில்லை. வீணாகக் கூடாது என்றுதான் எடுத்து வைத்தேன். உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதும் மனசு நிம்மதியாகிவிட்டது. நிம்மதி வந்ததும் மறந்துபோயிற்று.

அம்மாவுக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. நான் வளர்ந்தது திருநெல்வேலி மாவட்டத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். ஆச்சி, அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி என்று ஆறு வயிறு. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா பீடி சுற்றினாள். அந்தப் பக்கத்து ஊர்களில் அது வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை. முந்தின நாளே இலையை நனைத்து வைத்து, காலையில் தகரத்தை வைத்து அளவாக வெட்டி, மடியில் சொளவு என்கிற முறத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், எழுந்திருப்பது வெயில் இறங்கிய பிறகுதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அடுக்களையில் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால் அன்றைய எண்ணிக்கையில் அது தெரியும். ஆகவே சிக்கனம் என்று நான் சொல்வது காசை மட்டும் அல்ல. விறகு, நேரம், அம்மாவின் இடுப்பு எல்லாமே அந்தக் கணக்கில் உண்டு.

ஃப்ரிட்ஜ் இல்லாத அடுக்களையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு கெடு இருந்தது. தேங்காய் அரைத்து ஊற்றிய எதுவும் மதியத்தோடு தீர்ந்தாக வேண்டும், சாயங்காலம் தொட்டால் நூல் விடும். பருப்புக் குழம்பு ராத்திரி வரை. ரசத்தை ஒரு கொதி விட்டு வைத்தால் மறுநாள் காலை வரை தாங்கும். நல்லெண்ணெய் விட்டுச் சுண்ட வைத்த புளிக்குழம்பு மூன்று நாள், அதுவும் காலையும் மாலையும் சூடு காட்டி, ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால். அதற்கு மேல் நாள்பட நிற்பவை வற்றலும் ஊறுகாயும்தான். இன்றைக்கு என்ன குழம்பு என்பதை நாக்கு முடிவு செய்யவில்லை, இந்தக் கெடுதான் முடிவு செய்தது. பீடியைக் கொண்டுபோய்க் கணக்குக் கொடுக்க வேண்டிய நாளில் வரிசையில் நேரமாகும் என்பதால், முந்தின நாளே புளிக்குழம்பு வைத்துவிடுவாள். ஆச்சிக்குப் பல்லில்லை, எனவே ராத்திரிக்கு எது மிஞ்சினாலும் குழைந்து கிடக்கிற மாதிரிதான் இருக்க வேண்டும். இத்தனையும் தலைக்குள்ளேயே ஓடும். எழுதி வைத்த சீட்டு கிடையாது, அம்மாவுக்கு எழுதவும் வராது.

சோற்றின் கெடுதான் எல்லாவற்றிலும் அழகு. ராத்திரி மிஞ்சிய சோறு ஆறின பிறகு, அது முக்கியம், ஆறின பிறகுதான், பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். காலையில் அது பழைய சோறு. அந்தத் தண்ணீர் நீராகாரம், அப்பா மூட்டை தூக்கப் போகும் முன் உப்புப் போட்டு ஒரு செம்பு குடித்துவிட்டுப் போவார். சோறு வடித்த கஞ்சியில் பாதி எங்களுக்கு, சூடாக, உப்போடு. பாதி ஆச்சியின் நூல் சேலைக்கு மொடமொடப்பு ஏற்ற. அரிசி கழுவிய தண்ணீரும் காய்த்தோலும் எதிர்வீட்டு மாட்டுக்குத் தொட்டியில் போகும். அந்த வீட்டு அத்தை அதற்குக் காசு தர மாட்டாள், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் செம்பு நிறைய மோர் வரும். அந்த மோரில் மறுபடி பழைய சோறு. எங்கள் வீட்டுக் கழுநீர் தெருவைச் சுற்றி எங்கள் வட்டிலுக்கே திரும்பி வந்தது. நான் சின்னப்பிள்ளையில் அந்த மாட்டை எங்கள் மாடு என்றே நினைத்திருந்தேன்.

அரிசியை அளப்பதில் அம்மாவுக்கு ஒரு பழக்கம். உழக்கால் அளந்து போட்டுவிட்டு, கடைசியில் ஒரு பிடி திரும்ப அள்ளி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கலயத்தில் போடுவாள். பிடியரிசி. "ஒரு பிடி குறைஞ்சா வயிறு சண்டைக்கு வராது" என்பாள். போன வாரம் என் கையால் ஒரு பிடி அள்ளி எடை மெஷினில் போட்டுப் பார்த்தேன். 45 கிராம். ஒரு நாளைக்கு இரண்டு பிடி என்றால் மாதத்துக்கு 2 கிலோ 700 கிராம். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிலோ 800 போகும். அதாவது ஒன்றரை நாள். ஒரு மாதம் முழுக்க அறுபது தடவை கையை மடக்கியதற்குக் கிடைத்தது ஒன்றரை நாள் சோறு. கேட்கக் கொஞ்சமாகத்தான் தெரிகிறது. ஆனால் 29-ஆம் தேதி கடைக்காரர் நோட்டைப் புரட்டிவிட்டு "பழைய பாக்கியைக் குடுத்துட்டு வாங்கிக்கோம்மா" என்று சொன்ன ஒரு நாள், அம்மா பதில் பேசாமல் திரும்பி நடந்து வந்து கலயத்தைக் கவிழ்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்போதெல்லாம் பழைய சோறு, பிடியரிசி என்று பேசும்போது ஒரு புல்லரிப்போடு பேசுகிறார்கள். அந்தக் காலத்துப் பெண்களின் சாமர்த்தியத்தால்தான் குடும்பங்கள் ஓடின என்று. பாதி உண்மை. மீதிப் பாதி ரேஷன் கடை. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 3 ரூபாய் 50 காசுக்கு விற்றது 2006-இல் 2 ரூபாயானது, 2008-இல் 1 ரூபாயானது, 2011 ஜூனிலிருந்து இலவசம். நடுவில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வந்தன. அந்தப் பாமாயிலை ஒரு புளி உருண்டை போட்டுக் காய்ச்சி வாடையை எடுப்பதும், அந்த அரிசியை ஐந்து தண்ணீர் கழுவி வெந்தயத்தோடு ஊற வைத்து இட்லிக்குப் போடுவதும் சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாமர்த்தியத்தைக் காட்ட முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அரிசி இலவசமான பிறகு அம்மாவின் பிடியரிசிக் கலயத்தில் கோலமாவு குடியேறியது. அதைப் பார்த்து எனக்கு வருத்தமெல்லாம் வரவில்லை.

அப்பாவின் ஆலையிலிருந்து குருணை வரும். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து ஆலை ராப்பகலாக ஓடும் மாதங்களில் நிறைய வரும். குருணைக் கஞ்சி, குருணை உப்புமா, திரும்பவும் குருணைக் கஞ்சி. தம்பி ஒரு நாள் வட்டிலைத் தள்ளிவிட்டு "முழு அரிசி எப்பம்மா வரும்?" என்று கேட்டான். "இது உடைஞ்ச முழு அரிசிதான்ல, தின்னு" என்றாள் அம்மா. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் இந்த வசனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்பு. மூன்று முட்டை, ஆறு பேர். அவித்த முட்டையைக் கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு கத்தியில் ஒட்டும், உதிரும், ஒருத்தருக்குக் கூடும், ஒருத்தருக்குக் குறையும். வீட்டில் அடிதடி. அம்மா சொளவுக்குள் கிடக்கும் நூல்கண்டை எடுப்பாள், பீடி வாயைக் கட்டுகிற மெல்லிய நூல். ஒரு முழம் அறுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை வலது கையில் இழுத்துப் பிடித்து, முட்டையை இடது உள்ளங்கையில் வைத்து நூலுக்குக் கொண்டுபோவாள். சத்தமே இருக்காது. முட்டை இரண்டாகப் பிளந்து நிற்கும், இரண்டு பக்கமும் முழு நிலா மாதிரி. ஒரு பொட்டு மஞ்சள் சிந்தியிருக்காது. நாங்கள் மூவரும் வாயைப் பிளந்து பார்ப்போம். வெட்டின பக்கம் மேலே இருக்கும்படி குழம்பில் மிதக்க விடுவாள், அப்போதுதான் ஆறு என்பது கண்ணுக்கு நிறைய தெரியும். முழு முட்டை மூன்றைப் போட்டால் சட்டி காலியாக இருக்கிற மாதிரி இருக்குமாம். ஆறாவது பாதி அம்மாவுடையது. அது பெரும்பாலும் தம்பி வட்டிலுக்குப் போய்விடும், வளர்கிற பிள்ளை என்று. நானும் வளர்கிற பிள்ளைதான் என்று ஒரு தடவை சண்டை போட்டேன். அதில் பாதியை நூலால் வெட்டி எனக்குக் கொடுத்தாள்.

சனிக்கிழமை கூலி வரும். எனவே வெள்ளிக்கிழமை என்பது கூடையின் அடி தெரிகிற நாள். ஒரு கத்தரிக்காய், வாடின இரண்டு அவரைக்காய், அரை வாழைக்காய், யாரோ கொடுத்த மாங்காயில் ஒரு பத்தை. தனித்தனியாக எதுவும் குழம்புக்கும் காணாது, பொரியலுக்கும் காணாது. அன்றைக்குக் கூட்டாஞ்சோறு. அரிசி, பருப்பு, இருக்கிற காய் எல்லாம் ஒரே பானையில். தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றி, கொஞ்சம் புளி கரைத்து விட்டு, இறக்கப் போகும்போது கொல்லை முருங்கையிலிருந்து ஒரு கை கீரை உருவிப் போட்டு, மேலே வடகத்தைப் பொரித்து நொறுக்கினால், எதுவும் இல்லாத நாளில் வைத்த சாப்பாடு என்று யாருக்கும் தோன்றாது. ஒரே பானை, ஒரே அடுப்பு, விறகும் மிச்சம். கழுவ வேண்டிய பாத்திரமும் ஒன்றுதான், அது பெண்பிள்ளைகளான எங்கள் தலையில் விழுவதால் எங்களுக்கு வெள்ளிக்கிழமை பிடிக்கும். இன்றைக்கு இதே கூட்டாஞ்சோற்றை நான் பிரண்டைத் துவையல், அப்பளம், தயிர்ப்பச்சடி என்று சுற்றி வைத்து விருந்தாளிக்குப் போடுகிறேன். அம்மா பார்த்தால் சிரிப்பாள்.

திருநெல்வேலிக்காரர்களிடம் மிச்சத்தைப் பற்றிப் பேசிவிட்டுச் சுண்டக்கறியைச் சொல்லாமல் விட முடியாது. பொங்கலன்று எத்தனை காய் கிடைக்கிறதோ அத்தனையும் போட்டுக் குழம்பு வைப்போம். பூசணி, வாழைக்காய், சேனை, மொச்சை, எங்கள் ஊர்ச் சிறுகிழங்கு. கூடவே அவியல், பொரியல். வீடு நிறைய மிஞ்சும். ராத்திரி எல்லாவற்றையும், குழம்பு அவியல் என்று பேதம் பார்க்காமல், ஒரே மண்சட்டியில் கொட்டி, எரிந்து முடிந்த அடுப்பின் கங்கு மேல் வைத்துவிடுவாள் அம்மா. தேங்காய் சேர்ந்ததற்கு மதியம் வரைதான் கெடு என்றேன் அல்லவா? சுண்டக்கறியில் மட்டும் தேங்காய்க்கு விலக்கு. தண்ணீர் வற்ற வற்ற எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும், அது தாக்குப்பிடிக்கும். மறுநாள் காலையில் சட்டியைத் திறந்தால் காய்களுக்கு முகம் இருக்காது. கறுத்து, இறுகி, ஓரத்தில் பொருக்குத் தட்டி. பழைய சோற்றைப் பிழிந்து வைத்து இதைத் தொட்டுக்கொண்டால், நேற்று சாப்பிட்டது ஒத்திகை என்று தோன்றும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் சுண்டும். சட்டியின் அடியைச் சுரண்டும் உரிமைக்கு எனக்கும் அக்காவுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்ட வருடங்கள் உண்டு. அன்றைக்குச் சமைத்த குழம்புக்கு நாங்கள் ஒருநாளும் சீட்டுப் போட்டதில்லை.

அம்மாவிடம் கற்றதில் எல்லாமே இப்போதும் செல்லுபடியாகும் என்று சொல்ல மாட்டேன். பீர்க்கங்காய்த் தோல் துவையலை எடுத்துக்கொள்ளுங்கள். தோலைத் தூக்கிப் போடாமல் துவையல் அரைப்பது பெரிய சிக்கனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். செய்து பாருங்கள். உளுந்து ஒரு கரண்டி, நாலு வற்றல், தேங்காய் ஒரு கீற்று, கோலி அளவு புளி, வதக்க எண்ணெய். தோல் இலவசம்தான், ஆனால் அதற்குத் துணைக்கு வருகிறவர்கள் யாரும் இலவசமில்லை. ருசிக்காகச் செய்யலாம், நான் செய்கிறேன். காசு மிஞ்சுகிறது என்று என்னை ஏமாற்றிக்கொள்வதில்லை. யூடியூபில் ஆரஞ்சுத் தோல் குழம்பு, தர்பூசணித் தோல் அல்வா என்றெல்லாம் வருகிறது. அந்த அல்வாவுக்கு ஊற்றுகிற நெய்யைப் பார்த்தால் தோலே பயந்துவிடும்.

விலை ஏறினால் அம்மா போராட மாட்டாள், அந்தப் பண்டத்தோடு பேச்சை நிறுத்திவிடுவாள். 1998-இல் வெங்காய விலை எகிறி, அதுவும் ஒரு காரணமாக டெல்லி மாநில ஆட்சியே மாறியது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அந்த ஐப்பசி, கார்த்திகை முழுக்க வெங்காயம் நுழையவில்லை. நாங்கள் கவனிக்கவே இல்லை என்பதுதான் விஷயம். எள்ளுத் துவையல், மோர்க்குழம்பு, பெருங்காயம் தூக்கலாகப் போட்ட புளித்தண்ணி என்று மாற்றி மாற்றி வந்துகொண்டிருந்தது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, அப்போது நான் அம்மாவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். "தக்காளி இல்லாமக் குழம்பு வைக்கத் தெரியாதா ஒனக்கு? நாம எல்லாம் புளியில வளந்தவுக" என்றாள். அவ்வளவுதான், அடுத்த பேச்சு தம்பி மகனுக்கு மொட்டை போடுவது பற்றி.

சரி, 11 டப்பாவுக்கு வருகிறேன். அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு வைராக்கியம் வந்து, ஒரு மாதம் அம்மா மாதிரியே இருந்து பார்ப்பது என்று இறங்கினேன். நாலாவது நாளே தோல்வி. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன், காலையில் பார்த்தால் பசை. அப்புறம்தான் புரிந்தது, குக்கரில் வைத்த பச்சரிசிச் சோறு பழைய சோறாகாது, கூழாகும். பழைய சோற்றுக்குப் புழுங்கலரிசி வேண்டும், பானையில் வைத்து வடித்திருக்க வேண்டும். அதாவது மிச்சத்தின் ருசி, மிஞ்சுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இரண்டாவது தோல்வி இன்னும் மோசம். காலையில் ஐந்தரைக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, தாம்பரத்தில் ரயில் பிடித்து வேலைக்குப் போய், ஏழு மணிக்குத் திரும்புகிறவள், காலையும் மாலையும் குழம்புக்குச் சூடு காட்டிக்கொண்டிருக்க முடியாது. அம்மாவுக்கு வேலை இருந்தது, ஆனால் அடுப்பிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. அந்தப் பத்தடியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகவே இப்போது ஒரே ஒரு காரியம்தான் செய்கிறேன். ஃப்ரிட்ஜில் மிச்சத்துக்கு ஒரு தட்டு மட்டும், கண்ணுக்கு நேராக இருக்கிற தட்டு. அது நிறைந்தால் அடுத்த நாள் புதிதாகக் குழம்பு கிடையாது. டப்பாவெல்லாம் கண்ணாடி, உள்ளே என்ன என்பது தெரிய வேண்டும். எவர்சில்வர் டப்பாவில் போட்டது பரணில் போட்டதற்குச் சமம். இட்லி மாவுக்கும் கெடு உண்டு. முதல் நாள் இட்லி, அடுத்து தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், நாலாம் நாள் கொஞ்சம் ரவை கலந்து, தாளித்துக் கொட்டிப் பணியாரம். அதற்கு மேல் அது மாவல்ல, மருந்து. மிஞ்சின பொரியலை மறுநாள் பொரியலாகவே நீட்டினால் என் மகள் தொட மாட்டாள், சப்பாத்திக்குள் சுருட்டினால் பெயர் மாறிவிடுகிறது, சாப்பிடுகிறாள். பெயரை மாற்றுவதும் ஒரு சமையல்தான் என்று கற்றுக்கொண்டேன். மூன்று வாரமாக மூன்று டப்பாவுக்கு மேல் போகவில்லை. நடுவில் ஒரு நாள் நாங்கள் வெளியே சாப்பிட்டதில் ஒரு கிண்ணம் கூட்டு போயிற்று, அது தனிக் கதை.

சித்திரையில் அம்மா வந்து பத்து நாள் இருந்தாள். முதல் நாள் ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும், குழம்புச் சட்டியில் மிச்சச் சோற்றைப் போட்டு, சுற்றிலும் துடைத்துப் பிசைந்து, சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் பிள்ளைகள் இரண்டும் ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்துகொண்டன. "ஆச்சி, எனக்கு ஒரு உருண்டை." நாங்களும் இப்படித்தான். வட்டிலில் தின்ற அதே சோறு, அதே குழம்பு, ஆனால் சட்டிச்சோறுக்கு வேறு ருசி. மூன்று பேரும் கையை நீட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருப்போம், அவள் உருட்டி உருட்டி வைப்பாள். சட்டிச்சோறு அம்மாவுக்குப் பிடிக்கும் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கையில் கரண்டி வந்து, ஐந்து பேருக்குக் குழம்பு பங்கு வைக்கும்போதுதான் ஒரு நாள் உறைத்தது. சட்டியில் ஒட்டியிருந்தது மட்டும்தான் அவளுக்கான குழம்பு. அதில்தான் நாங்கள் ஆளுக்கொரு உருண்டை வாங்கித் தின்றோம்.

அன்றைக்குச் சட்டியில் இரண்டு கரண்டிக் குழம்பு மிச்சம் இருந்தது. "வட்டில்ல போட்டு ஊத்திச் சாப்பிடேன்மா" என்றேன். "இதுல என்னட்டி இருக்கு" என்றாள், உருட்டிக்கொண்டே. மகன் மூன்றாவது உருண்டைக்குக் கை நீட்டினான். நான் அவனை அதட்ட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். குழம்பு நிறையவே இருந்தது. எழுந்து போய் இன்னும் ஒரு கை சோறும் ஒரு கரண்டிக் குழம்பும் எடுத்துவந்து அந்தச் சட்டியிலேயே போட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பிசைந்தாள்.

ஊருக்குப் போன பிறகும் தினமும் ராத்திரி எட்டரைக்குப் போன் வரும். மற்றவர்களின் அம்மாக்கள் சாப்பிட்டியா என்று கேட்கிறார்கள். இவள் கேட்பது, "மிச்சம் என்ன இருக்கு?" நான் ஃப்ரிட்ஜைத் திறந்து கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டைப் பார்த்துச் சொல்வேன். நேற்று அரைக் கிண்ணம் பருப்பும், நாலு துண்டு பூசணியும், அடியில் கொஞ்சம் புளிக்குழம்பும்.

"பூசணியையும் பருப்பையும் புளிக்குழம்புலயே தட்டி, காலம்பற சுண்ட வையி. தோசைக்கு ஆகும்."

"மூணு பேருக்குக் காணாதேம்மா."

"ஒரு தக்காளி அரிஞ்சு போடு. இப்ப வெல எறங்கிட்டுன்னு சொன்னாவளே."